எதிர்வீட்டுக் கேள்வி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தேனிச் சந்தையில் தலையில் வாழைத்தார் சுமந்து, அதே சந்தையில் சொந்தமாக வாழைக்காய் மண்டி வைத்தவன். எழுபதுகளில் எங்கள் தெருவில் முதன்முதலாக மொசைக் தரை போட்டதும் என் வீட்டில்தான். பார்க்க வந்தவர்கள் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். லாரிக்காரன், தரகன், காற்று, மழை எதுவும் என்னை அசைத்ததில்லை. அசைத்தது ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்டவர் எதிர்வீட்டு வாத்தியார்.

வெளியே கிளம்புகிறவனைப் பார்த்து ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. தெரிந்தே ஆகவேண்டுமென்றால் ‘தூரமா?’ என்று கேட்கலாம். எங்கள் பக்கம் ஆடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி, பி.ஏ., பி.டி. படித்த வாத்தியாருக்குத் தெரியாது. அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். சகுனம் பார்க்கிற வழக்கமே கிடையாது. காலையில் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். நான் ஒரு செருப்பை மாட்டி மறு செருப்பை மாட்டுவதற்குள் பேப்பர் தாழும்.

“என்ன மொதலாளி, எங்கன கெளம்பிட்டீக?”

அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி, உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அதற்குள் பஸ் போயிருக்கும். ஒருநாள் புழக்கடை வழியாக நழுவிப் பார்த்தேன். அன்றைக்கென்று மனுஷர் சந்து முனையில் பால் சொம்போடு நின்றார்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. உழைப்பை நம்பியவன் நான். ஆனால் மகளுக்கு மாப்பிள்ளை தேடிய வருஷம் நம்பிக்கை தானாக வந்துவிட்டது. சுருளிப்பட்டிக்குக் கிளம்பினேன், கேட்டார், ஜாதகம் தட்டிப்போனது. ஓடைப்பட்டிக்குக் கிளம்பினேன், கேட்டார். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனேன். அப்படியும் அவர்கள் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். திரும்பி வந்த வேகத்தில் தெருவில் நின்றே கத்திவிட்டேன்.

“ஏன் வாத்தியாரே, இம்புட்டுப் படிச்சும் போற ஆளைக் கேக்கப்படாதுன்னு தெரியலையே! இனிமே எம் மூஞ்சியப் பாத்து வாயத் தெறக்காதீக!”

வாத்தியார் பேப்பரை மடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அப்புறம் ஒரு மாதம் நாற்காலி இருந்தது, பேப்பர் இருந்தது. பேப்பர் தாழவே இல்லை. நினைத்த பஸ்ஸில் நினைத்த நேரத்துக்குப் போனேன்.

“இப்ப நிம்மதியா?” என்றாள் வீட்டுக்காரி.

“ராசாவாட்டம் போறேன்.”

“அப்ப எதுக்குத் தெனம் படியில நின்னு ரெண்டு தடவ இருமுறீக?”

அந்த மாதத்தில்தான் கூடலூர் இடம் வந்தது. ஏலக்காய் வியாபாரக் குடும்பம். பையன் போட்டோவை மகளிடம் காட்டினோம். அவள் திருப்பித் தரவே இல்லை. அதிலேயே தெரிந்துபோனது. இதுவும் தட்டிப்போனால் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு உதறல். நானும் வீட்டுக்காரியும் கிளம்பிய காலையில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காபி கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் அப்பா சொன்னார்: “அண்ணே, மறைக்காமச் சொல்லிர்றேன். போன வாரம் ஒங்க தெருவுக்கு வந்து விசாரிச்சோம்.”

சம்பந்தம் பேசுமுன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது வழக்கம்தான். நானே செய்வேன். “யாருட்ட?” என்றேன்.

“எதுத்த வீட்டு வாத்தியாருட்ட.”

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். வீட்டுக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குப் படிப்பு போதாது.

“என்ன சொன்னாக?”

அவர் சிரித்தார். “‘அந்த மனுசனுக்கு வாய் நீளம். பீத்தலும் உண்டு, மொசைக் தரையப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாரு. ஆனா அழுகின காய நல்ல காயோட கலந்து வித்தவர் இல்ல. அந்தப் பிள்ளை எம் பிள்ளை மாதிரி. யோசிக்காமப் பேசி முடிங்க’ன்னாக. நாங்க தேதி குறிக்க ரெடிண்ணே.”

சாயங்காலம் தேனியில் இறங்கியதும் நேரே எதிர்வாசலுக்குப் போனேன். வாத்தியார் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. சம்பந்தி வீட்டில் கொடுத்த முறுக்குப் பையை அவர் மடியில் வைத்தேன்.

“கேளுங்க வாத்தியாரே.”

“என்னத்தக் கேக்க?”

“எங்கன போயிட்டு வாரேன்னு கேளுங்க.”

பேப்பர் மெதுவாகத் தாழ்ந்தது. “போயிட்டு வந்தவுகளக் கேக்கலாமா? அதுக்கும் எதுவும் சாங்கியம் இருக்கா மொதலாளி?”

கல்யாணம் முடிந்ததும் ஒரு வாரம் ‘தூரமா?’ என்று கேட்டுப் பார்த்தார். எனக்குச் சரிப்படவில்லை, யாரோ அயலூர்க்காரர் கேட்பதுபோல் இருந்தது. பழையபடியே கேட்கச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி வாசற்படிக்கு உள்ளே ஒரு முக்காலியும் அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரும் நிரந்தரமாக வைத்துவிட்டாள். நானும் எந்தப் பஸ்ஸுக்கும் பத்து நிமிஷம் முன்னதாகவே செருப்பு மாட்டப் பழகிக்கொண்டேன்.