உட்கார்ந்தால் எல்லோருக்கும் பத்து பர்ப்பி

முதல் நாள்

ஆரணியிலிருந்து களம்பூர் போகிற சாலையில், முன்பு நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்த பெரிய ஷெட் அது. உள்ளே கறுப்பு பெயின்ட் அடித்து, ரப்பர் மேட் விரித்து, சிவப்பு எண்கள் ஓடுகிற டைமர் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ரிடையர் ஆகி வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், காலை நேர லேடீஸ் பேட்சுக்கு அசிஸ்டென்ட் கோச்சாக அங்கே சேர்ந்தேன். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக விசிலும் கையுமாக வெயிலில் நின்றே தலை நரைத்தவள் நான். இதெல்லாம் நமக்குப் புதுசா என்ற நினைப்பில்தான் போனேன்.

அதை நடத்தியவர் பிரகாஷ். உள்ளூர்ப் பையன். சென்னையில் ஏதோ ஒரு கோர்ஸ் முடித்து சர்ட்டிஃபிகேட்டோடு வந்திருந்தார். எல்லோரும் அவரை "கோச்" என்றுதான் கூப்பிட வேண்டும்.

"டீச்சர், இது உங்க ஸ்கூல் ட்ரில் மாதிரி கிடையாது. ஹை இன்டென்சிட்டி. கொஞ்ச நேரம்தான், ஆனா உயிரைக் குடுத்துச் செய்யணும். குரூப் எனர்ஜிதான் இங்க மேட்டரே" என்றார்.

அன்றன்றைக்குச் செய்ய வேண்டிய ஒர்க்அவுட் ஒயிட் போர்டில் இருக்கும். அதற்குமேல் சுவரிலேயே பெரிய எழுத்தில் ஒரு சட்டம் எழுதியிருந்தது. டைமர் ஓடும்போது யாரும் உட்காரக் கூடாது. ஒருவர் உட்கார்ந்தால் மற்ற எல்லோரும் ஆளுக்குப் பத்து பர்ப்பி போட வேண்டும். பர்ப்பி என்றால், நின்ற இடத்தில் குனிந்து, கையூன்றித் தரையில் நெஞ்சுபடப் படுத்து, எழுந்து, மேலே குதிப்பது. சொல்வது சுலபம். இரண்டு போட்டாலே நாக்கு தள்ளிவிடும்.

"இது இன்னா தம்பி கணக்கு? உட்கார்ந்தது ஒருத்தி, தண்டனை ஊருக்கா?"

"தண்டனை இல்ல டீச்சர், டீம் ஸ்பிரிட். தனக்காகன்னா நடுவுல விட்டுடுவாங்க. அடுத்தவங்க கஷ்டப்படுவாங்கன்னா விடவே மாட்டாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஒரு பிள்ளை லேட்டாக வந்ததற்கு வகுப்பையே கிரவுண்டைச் சுற்றி ஓடவிடுகிற வாத்தியார்களோடு ஸ்டாஃப் ரூமில் சண்டை போட்டே தொண்டை கட்டியவள் நான். அந்த அநியாயத்துக்கு இங்கே புதுப் பெயர் வைத்துச் சுவரில் எழுதியிருக்கிறார்கள்!

நல்லதையும் சொல்ல வேண்டும்

கோபத்தில் பொய் சொல்லக் கூடாது. அந்த ஷெட்டில் நல்லதும் நடந்தது. வயசுக்கு வந்த நாளோடு ஓட்டத்தை நிறுத்திய பெண்கள் அங்கே மறுபடி ஓடினார்கள். பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண், நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொள்வதை விட்டாள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற நாலைந்து பேர் டெஸ்ட் ரிசல்ட்டைக் கொண்டுவந்து காட்டிக் கும்மாளம் போட்டார்கள். தனியாக வாக்கிங் போகச் சொன்னால் ஒரு வாரத்தில் நின்றுவிடுகிறவர்கள், கூட்டமாக என்றால் மழையிலும் வந்து நிற்கிறார்கள். கூட்டத்துக்கு அந்தச் சக்தி உண்டு. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

அந்த பேட்சில் வசந்தாம்மாவும் இருந்தார். டவுனில் பட்டுச்சேலைக் கடை அவர்கள் குடும்பத்துக்கு. பாவு கொடுத்து நெய்து வாங்குகிறவர்கள். பாவு என்பது தறியில் நீளவாக்கில் பூட்டுகிற பட்டு இழை. முதலாளி வீட்டிலிருந்து அது வந்தால்தான் நெசவாளிக்கு வேலை. சேவூரில் அவர்களுக்கு நெய்கிற கஸ்தூரியை வசந்தாம்மாவே கூட்டிவந்து சேர்த்துவிட்டார். "எந்நேரமும் தறிக்குழியில காலை விட்டுகினு உட்கார்ந்திருந்தா உடம்பு இன்னாத்துக்கு ஆவறது? ஃபீஸைப் பத்தி நீ பேசாத, நான் பாத்துக்கறேன்" என்றாராம். நல்ல மனசுதான்.

கஸ்தூரி நைட்டிக்கு அடியில் டிராக் பேன்ட் போட்டுக்கொண்டு, மேலே ஒரு துப்பட்டாவும் சுற்றிக்கொண்டு வருவாள். முதலாளியம்மாவுக்குப் பின்வரிசையில்தான் நிற்பாள். எவ்வளவு சொன்னாலும் முன்னே வரமாட்டாள். தண்ணீரும் குடிக்க மாட்டாள். கேட்டால், "தறியில உட்கார்ந்தா அடிக்கடி எழுந்துக்க முடியாதுங்க டீச்சர். குடிக்காம பழகிப்பூட்டேன்" என்பாள். ஒரு பாட்டிலை அவள் கையில் திணித்து, நான் பார்க்கக் குடிக்க வைப்பேன்.

அன்றைக்கு நடந்தது

முகூர்த்தக் காலம் வந்தது. கஸ்தூரிக்குத் தறியை விட்டு எழ நேரமில்லை. சில வாரம் வரவே இல்லை. திரும்பி வந்த அன்று பார்த்தா கோச் சேலஞ்ச் வைக்க வேண்டும்? யூடியூப்புக்கோ இன்ஸ்டாவுக்கோ போட ஒரு பையன் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தான். போர்டில் ஸ்குவாட், பாக்ஸ் ஜம்ப், மறுபடி ஸ்குவாட் என்று அடுக்கியிருந்தது. குந்தி எழுவதும் பெட்டிமேல் தாவுவதும்தான். தொடைக்கு ஓய்வே கிடையாது.

விட்டுவிட்டு வருகிறவர்களுக்குப் பாதிதான் கொடுக்க வேண்டும். அதற்கு ஸ்கேலிங் என்று இவர்கள் பாஷையிலேயே பெயரும் இருக்கிறது. நான் கோச்சிடம் போய்ச் சொன்னேன்.

"இந்தப் பொண்ணுக்குப் பாதி குடுத்தா போதும் தம்பி. ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கு."

"ஃப்ளோவைக் கெடுக்காதீங்க டீச்சர். கேமரா ஓடிகினு இருக்கு. அவங்களே முடியலன்னா நிறுத்திக்கப் போறாங்க, நாம என்ன கட்டியா போட்டிருக்கோம்?"

கட்டித்தான் போட்டிருந்தார்கள். சுவரில் எழுதிக் கட்டிப் போட்டிருந்தார்கள்.

பாதிக்கு மேல் போனதும் கஸ்தூரியின் கால் நடுங்க ஆரம்பித்தது. முகம் வெளுத்துவிட்டது. நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு, "உட்காரு கஸ்தூரி, போதும்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"வேணாங்க டீச்சர். நான் உட்கார்ந்தா மொதலாளியம்மா படுத்து எழுந்துக்கணும்."

அதே நேரத்தில் முன்வரிசையிலிருந்து வசந்தாம்மா திரும்பி, "கமான் கஸ்தூரி, விடாத, நாங்க இருக்கோம்" என்று கைதட்டுகிறார். மற்றவர்களும் தட்டுகிறார்கள். கோச் கேமராப் பையனைக் கையசைத்து அந்தப் பக்கம் திருப்புகிறார். ஷெட் முழுக்கக் கைதட்டல். அந்தச் சத்தத்தில் நான் போட்ட கூச்சல் யார் காதிலும் ஏறவில்லை. அவள் முடித்தாள். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். அவளால் ஷெட் படியில் இறங்க முடியவில்லை. அதற்கும் சிரித்தார்கள். "நாளைக்கு நாங்களும் இப்படித்தான் நடப்போம்" என்று ஒருத்தி சொன்னாள்.

எனக்கு வந்ததே கோபம்! எல்லோரும் போன பிறகு கோச்சை நிற்க வைத்துக் கேட்டேன். "டீச்சர், நீங்க ரொம்ப ஓல்டு ஸ்கூல்" என்று சொல்லிவிட்டு வீடியோவை எடிட் பண்ணப் போய்விட்டார்.

சேவூரில்

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. போன் எடுக்கவும் இல்லை. மனசு கேட்காமல் டவுன் பஸ் பிடித்துச் சேவூர் போனேன். வீட்டில் தறி சும்மா கிடந்தது. முகூர்த்தக் காலத்தில் தறி சும்மா கிடக்கிறது என்றாலே ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கஸ்தூரி பாயில் படுத்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லீங்க டீச்சர். தொடை ரெண்டும் கல்லாட்டம் கீது. குழியில எறங்க முடியல. ரெண்டு நாள்ல சரியாப்பூடும்."

தொட்டுப் பார்த்தேன். இரண்டு தொடையும் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது. வழக்கமான உடம்பு வலிக்கு இப்படி வீங்காது. "ஒண்ணுக்குப் போவுதா? இன்னா கலர்ல போவுது?" என்று கேட்டேன். அவள் வெட்கப்பட்டாள். அவள் புருஷன் முருகன்தான் பதில் சொன்னார். அவர் சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர்.

"அத்த ஏன் கேக்கறீங்க டீச்சர். கருஞ்செவப்பா, அரக்குச் சேலை கலர்ல போவுதுங்க. ஜிம்முக்குப் போவறதுக்கு முந்தின நாளு பட்டறையில அரக்குச் சாயம் போட்டோம். இதுவும் வந்து நூலு அலசிச்சி. கை வழியா சாயம் ஏறிகினு இருக்கும். மோர் குடுத்திருக்கேன், எறங்கிடும்."

வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்த நிறத்தைப் பார்த்ததுமே அலறி அடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள். கை, நகம், வேட்டி, வாசல் தண்ணீர் எல்லாம் வருஷம் முழுக்கச் சாயமாக இருக்கிற வீட்டில் அது ஒரு விஷயமாகவே படவில்லை. அளவுக்கு மீறித் தசையை வதைத்தால், அது உடைந்து ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைக்கும், சிறுநீர் இந்த நிறத்தில் போகும் என்று ரிஃப்ரெஷர் கோர்ஸில் எங்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறார்கள்.

"சாயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஜல்தியா ஒரு ஆட்டோ கூப்டுங்க" என்று கத்தினேன்.

அந்தக் களேபரத்திலும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "பொம்பளைக்கு எதுக்குங்க ஜிம்மு, இந்த பேஜாரு தேவையா?" என்றார். "பொம்பளை தறிக்குழியில கெடந்து இடுப்பு ஒடிஞ்சா மட்டும் பரவாயில்லையா? வழியை விடுங்க" என்றேன். இந்தப் பேச்சுக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமே கிடையாது.

ஆஸ்பத்திரியில்

ஆரணியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே டிரிப் மேல் டிரிப் ஏறியது. "கிட்னி தாங்கிடுச்சின்னா தப்பிச்சாங்க. இல்லன்னா டயாலிசிஸ் போட வேண்டியிருக்கும்" என்றார் டாக்டர். முருகன் சாயம் ஏறிய தன் கைகளையே பார்த்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது கோச்சிடமிருந்து போன் வந்தது. எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்று எடுத்தேன்.

"டீச்சர், குரூப்புல எதுவும் போட்டுடாதீங்க. அவங்க தண்ணி குடிக்கல, அதான் ரீசன். ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே? யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணதில்லையே?"

எல்லோருக்கும் ஒன்றாம்! "தம்பி, நீ வாயை மூடு" என்று சொல்லி போனை வைத்தேன். வேலையை அத்தோடு விட்டேன். ஒரு பெண்ணின் கிட்னி போகப் பார்த்தது, அவருக்கு வாட்ஸ்அப் குரூப் கவலை.

மறுநாள் வசந்தாம்மா வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று கண் கலங்கினார். "ஏம்மா கஸ்தூரி, முடியலன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் பத்து பர்ப்பி போட்டா செத்தா போயிடுவேன்?"

கஸ்தூரி மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க எனக்கோசரம் தரையில படுத்து எழுந்துகினு, அத்தினி பேர் பாக்க... அப்புறம் நாளைக்கு உங்க வாசல்ல வந்து எந்த மூஞ்சியோட பாவு வாங்கறதுங்கம்மா?"

அந்த வீட்டில் பாவு வாங்குகிற எவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள் என்று வசந்தாம்மாவுக்கும் அந்த நிமிஷம் புரிந்திருக்க வேண்டும்.

கிட்னி தாங்கியது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். டயாலிசிஸ் இல்லாமலே சிறுநீர் தெளிந்தது. தறியில் உட்கார மட்டும் வெகுநாள் பிடித்தது. அந்த முகூர்த்தம் முழுக்க அவள் தறி ஓடவில்லை.

இப்போது

கோச் சுவரில் இருந்த சட்டத்தின்மேல் ஒரு போஸ்டரை ஒட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒட்டட்டும். நான் எங்கள் சர்ச் மைதானத்தில் காலையில் ஒரு பேட்ச் எடுக்கிறேன். ஸ்குவாட் உண்டு, பர்ப்பியும் உண்டு. நன்றாக வேர்க்க வேர்க்க வேலை வாங்குவேன். உழைக்கப் பிறந்த உடம்பைப் பஞ்சில் வைத்துப் பொத்தச் சொல்கிற ஆள் இல்லை நான். வசந்தாம்மா வருகிறார். கொஞ்ச நாள் முன்பு, டாக்டரைக் கேட்டுவிட்டு, கஸ்தூரியும் வர ஆரம்பித்தாள்.

புதிதாகக் கோச் ஆகிற பிள்ளைகள் என்னிடம் வந்து எத்தனை செட், எவ்வளவு ரெஸ்ட் என்று கேட்கிறார்கள். அது போனிலேயே கிடைக்கும். உங்கள் வரிசையில் யார் யாருக்கு முன்னால் உட்கார மாட்டார்கள் என்பதைப் பாருங்கள். மருமகள் மாமியாருக்கு முன்னால் உட்கார மாட்டாள். கிளார்க் மேனேஜருக்கு முன்னால் உட்கார மாட்டாள். டீம் என்று நீங்கள் சொன்னதும் இதெல்லாம் மறைந்துவிடும் என்று நினைத்தால் உங்களுக்கு இந்த ஊர் தெரியவில்லை.

இங்கே யாரும் எப்போது வேண்டுமானாலும் உட்காரலாம் என்று முதல் நாளே சொன்னேன். கேட்டுத் தலையாட்டினாள் கஸ்தூரி. அப்புறம் கால் நடுங்க நடுங்க நின்றுகொண்டேதான் இருந்தாள். கண் மட்டும் முன்வரிசையில் இருந்தது. நான் நேராக வசந்தாம்மாவிடம் போனேன்.

"மொதல்ல நீங்க உட்காருங்கம்மா."

அவர் என்னைப் பார்த்தார், திரும்பிக் கஸ்தூரியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் கஸ்தூரி உட்கார்ந்தாள்.