இடக்கைக் கையுறை

ரடோஷின் நகரத்தில் ஒருவர் 'நன்றி' என்று சொன்னால், அவருடைய கையைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். கிண்ணத்தை நீட்டியபடி சொன்னால் வேண்டும் என்று அர்த்தம். கிண்ணத்தின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்தபடி சொன்னால் போதும் என்று அர்த்தம். சொல் என்னவோ ஒன்றுதான். ரோமெக் கொஸ்ட்ஷெவா அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊரிலேயே நாற்பத்து நான்கு வயதை எட்டியவர். இந்த வேறுபாட்டில் அவருக்கு ஒருநாளும் ஐயம் எழுந்ததில்லை, அந்த இலையுதிர்காலம் வரையில்.

அவருடைய தந்தை சர்க்கரை ஆலையில் கிழங்கு கழுவும் பிரிவில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓட்டத்திடலுக்குப் போவார்; சூரியகாந்தி விதைகளைக் கொறித்துத் தோலைத் துப்பியபடி, பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிள்களில் நால்வர் நான்கு சுற்றுச் சுற்றுவதை வாய் பேசாமல் பார்ப்பார். அந்தத் திடலிலேயே ரோமெக் பதினாறு வயதில் ஸ்பீட்வே என்னும் அந்த மண்தரைப் பந்தயத்தில் ஓட்டத் தொடங்கினார். அதன் பிறகு அவர் வேறு வேலை எதுவும் பார்க்கவில்லை. இரண்டு தோளெலும்புகளும் முறிந்தன. இடப்பக்கத்து எலும்பு ஆறியபின் மீண்டும் முறிந்தது. உலகப் பட்டத்துக்கான போட்டிக்கு ஒரே ஒருமுறை மாற்று வீரராகப் போனவர், வண்டியை உயிர்ப்பிக்காமலேயே திரும்பி வந்தார். அன்று அவருக்குக் கொடுத்த எண் பொறித்த மேலாடையைக் கொண்டுதான் அவருடைய மனைவி டோரொத்தா இப்போது ஜன்னல் கண்ணாடி துடைக்கிறார்.

பெரிய வீரர் என்று அவரை வெளியூரில் யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருடைய இடக்கையைப் பற்றி எல்லா ஊரிலும் பேசினார்கள். புறப்படும் கோட்டின் குறுக்கே கட்டிய நாடா மேலெழும் கணத்தில் இடக்கை கிளட்சை விட வேண்டும். முந்தினால் நாடாவில் மோதி வெளியேற்றப்படுவார்கள். பிந்தினால் முன்னால் போகிறவன் வாரியிறைக்கும் மண்ணை நான்கு சுற்றும் தின்ன வேண்டியதுதான். ரோமெக்கின் கை முந்தியதுமில்லை, பிந்தியதுமில்லை. எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் உண்மையைத்தான் சொன்னார்: "எனக்குத் தெரியாது. கை விடுது, நான் போறேன்."

இரண்டு ஆண்டுகளாக அந்தக் கை சில நாட்களில் பிந்தியது, சில நாட்களில் பிந்தவில்லை. எப்போதும் பிந்தியிருந்தால் குழப்பமே வந்திராது.

வண்டியைப் பராமரித்தவர் டோரொத்தாவின் அண்ணன் வாசெக். ஸ்பீட்வே உலகத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோல்விக்குக் காரணம் தேடும்போது அவர்கள் மோட்டாரில் தொடங்கி, பற்சக்கரம், டயர், தரையின் ஈரம், காற்றின் திசை என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சந்தேகிப்பார்கள். வண்டியின் மேல் உட்கார்ந்திருக்கிறவனிடம் வந்ததும் நாகரிகமாக நிறுத்திக்கொண்டு மறுபடியும் மோட்டாரில் தொடங்குவார்கள்.

"மோட்டார்தான் மாப்ள," என்றார் வாசெக், ஆகஸ்டு மாதத்தில் ஒரு தோல்விக்குப் பிறகு.

"மூணு தடவ பிரிச்சுப் பாத்தாச்சே மச்சான்."

"அப்ப பல்சக்கரம்."

"போன வாரம்தான மாத்துன?"

"அப்ப தரை. ரொம்பத் தண்ணி விட்டுட்டானுங்க."

"எனக்கு மட்டும் தனியா விட்டானுங்களா?"

வாசெக் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணியைவிடக் கை சுத்தமாகிவிட்ட பிறகும் துடைத்தார்.

அதே மாதத்தில் இன்னொரு போட்டியின்போது, அணியின் இளம் வீரன் ஃபிலிப்பின் மோட்டார் வெடித்தது. ரோமெக் தம்முடைய வண்டியை, அந்தப் பழிசுமந்த வண்டியையே, அவனுக்குக் கொடுத்தார். ஃபிலிப் அரைச் சுற்று இடைவெளியில் வென்றான். வாசெக் தலையைக் குனிந்துகொண்டார். ரோமெக்குக்கோ விந்தையான நிம்மதி உண்டாயிற்று; ஆக, குறை தம்மிடந்தான், இனி யோசிக்க ஒன்றுமில்லை என்று அவர் எண்ணினார். அந்த நிம்மதி நெடுநேரம் நீடிக்கவில்லை. அடுத்த ஓட்டத்தில் அதே வண்டியில் ஃபிலிப் கடைசியாக வந்தான். கொட்டகை மூலையில் கிடந்த பழைய வண்டியை எடுத்துக்கொண்டு போன ரோமெக், புறப்பட்ட கணத்திலேயே முன்னேறி எளிதாக வென்றார்.

"மோட்டாரும் இல்ல, நானும் இல்லன்னா, வேற யாரு மச்சான்?"

"என்னக் கேக்காத," என்றார் வாசெக். "எனக்கு மோட்டார் மட்டுந்தான் தெரியும். இப்ப அதுவும் தெரியலையோன்னு இருக்கு."

டோரொத்தா இதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. ஒருநாள் இரவு உணவின்போது ரோமெக் நேராகவே கேட்டுவிட்டார்.

"நிறுத்துன்னு நீ ஒரு வார்த்த சொல்லேன்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நான் சொல்லி நிறுத்துனா, சாகுற வரைக்கும் ஞாயித்துக்கெழம மத்தியானம் நீ என் மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருப்ப. எனக்கு வேற வேல இருக்கு. சூப் இன்னும் ஊத்தட்டுமா?"

"நன்றி," என்றபடி அவர் கிண்ணத்தின் மேல் கையை வைத்தார். டோரொத்தா கரண்டியைச் சட்டிக்கே கொண்டுபோனார்.

பருவத்தின் கடைசிப் போட்டி செப்டம்பர் இறுதியில், சொந்தத் திடலில் நடந்தது. பயிற்றுநர் பெனெடிக்ட் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்: "சீசன் முடியட்டும், உக்காந்து பேசலாம்." அது தக்கவைக்கும் பேச்சா, அனுப்பிவைக்கும் பேச்சா என்று ரோமெக்குக்கு விளங்கவில்லை. பெனெடிக்ட் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் எதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

இரண்டு அணிகளும் சமநிலையில் இருக்க, கடைசி ஓட்டத்தில் சொந்த அணி வீரருக்கான சிவப்புத் தலைக்கவசம் ரோமெக்குக்கு வந்தது. நாடா எழுந்தது. கை பிந்தியது, அதில் ஐயமே இல்லை, அவரே உணர்ந்தார். மூன்று பேரின் மண்ணும் முகத்தில் அறைந்தது. அதற்குப் பின் நடந்ததற்கு அவரால் விளக்கம் சொல்ல முடியாது. எல்லாரும் உட்புறமாக நெருக்கியபோது அவர் வேலியை ஒட்டிய தளர்மண்ணில் வண்டியை விட்டார். பயம் வர வேண்டிய இடத்தில் பயம் வரவில்லை. ஒவ்வொருவராகக் கடந்து, நான்காம் சுற்றின் இறுதி வளைவில் கடைசி ஆளையும் கடந்தார்.

திடல் எழுந்து நின்றது. "நன்றி, நன்றி" என்று மக்கள் ஒரே குரலில் முழங்கத் தொடங்கினார்கள். வெற்றி ஓட்டத்துக்குப் பிறகு அப்படி முழங்குவது வழக்கம். விடைபெறும் வீரருக்கும் அப்படித்தான் முழங்குவார்கள்.

ரோமெக் மெதுவாகச் சுற்றி வந்தார். இடக்கை விரல்கள் மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, விரல்களை உதறினார். கழற்றிய கையுறையை எங்கே வைப்பது? தோலாடையில் பை கிடையாது. மக்கள் முழங்கிக்கொண்டிருந்தார்கள்; அவருக்கு மனம் நிறைந்திருந்தது. கையுறையை அவர்களை நோக்கி வீசினார்.

ஒரு கணம் திடல் அமைதியானது.

கையுறை கையை விட்டுப் போன பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. ரடோஷினில் ஓய்வு பெறுகிற வீரர் இடக்கைக் கையுறையைப் பார்வையாளர்களிடம் வீசிவிட்டுப் போவார். இனி இந்தக் கைக்குக் கிளட்ச் இல்லை என்பது அதன் பொருள். சிறுவயதில் தந்தையின் தோளில் இருந்தபடி அப்படி வந்த ஒரு கையுறைக்குக் கை நீட்டியவர்தாம் அவர். அதை எப்படி மறந்தார்? மறந்தாரா?

அமைதி உடைந்தது. முன்பைவிடப் பெரிதாக முழக்கம் எழுந்தது. ஒலிபெருக்கிக்காரர் தழுதழுத்த குரலில் அவருடைய பெயரைச் சொன்னார். வண்டிக் கொட்டகையில் வாசெக் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்டகூடச் சொல்லல பாத்தியா," என்றார் வாசெக். "கூடப் பொறந்தவளக் கட்டிக் குடுத்த ஆளு நான்."

"மச்சான், கை மரத்துப்போச்சு. அதான் கழட்டுனேன்."

"சரி சரி. அழுகைய மறைக்க ஆளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க."

ஃபிலிப் வந்து குனிந்து கைகுலுக்கினான். மறுப்பதற்கு ரோமெக் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது கட்டித் தழுவினார்கள். வீடு திரும்பியபோது டோரொத்தா வாசலிலேயே நின்றார்.

"வானொலில கேட்டேன். நீயா முடிவு பண்ண?"

"தெரியல. கை பண்ணியிருக்கும்போல."

"அந்தக் கை எனக்குப் பிடிக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு டோரொத்தா உள்ளே போனார். அது சம்மதமா, கேலியா என்று ரோமெக் படுக்கப் போகும்வரை யோசித்தார்.

மறுநாளிலிருந்து ஊர் அவரை ஓய்வு பெற்றவராகவே நடத்தியது. முடிதிருத்துபவர் அவசரமின்றி வெட்டினார். பாதிரியார் தோளில் தட்டினார். எதிர்வீட்டுக்காரர் மீன்பிடிக்க அழைத்தார். ரோமெக்குக்கு மீன்பிடிக்கத் தெரியாது. வியாழக்கிழமையன்று பெனெடிக்ட் வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சிரிக்கவில்லை.

"ரோமெக், நீ என்னக் கொழப்பிட்ட. அடுத்த வருஷத்துக்கு உன்னத்தான் எழுதி வெச்சிருந்தேன்."

"என்னையா?"

"அந்தக் கடைசி ஓட்டத்தப் பாத்த பின்னாடி வேற யார எழுதுவேன்? இனிமே வர்ற வெளியூர் ஆளு எவனும் அந்த வேலியோரம் போக மாட்டான்."

"அதுக்கு முன்னாடி?"

பெனெடிக்ட் தொப்பியைத் திருப்பினார். "முன்னாடி என்ன நெனச்சேன்னு இப்ப எதுக்கு? கையுறை ரொட்டிக்கடப் பெலாஜியாகிட்ட இருக்கு. போய்த் திரும்ப வாங்கிடு. தவறிப்போய் விழுந்துச்சுன்னு சொல்லிக்கலாம். சனிக்கிழமைக்குள்ள சொல்லணும். இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும்."

"திரும்ப வாங்குனவன ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு தெரியுமில்ல?"

பெனெடிக்டுக்குத் தெரியும். வெகு காலத்துக்கு முன்பு ஒருவர் அப்படி வாங்கிக்கொண்டு மறுபடியும் ஓட்டினார். சாகும்வரை அவருக்குக் 'கடன் கை' என்றே பெயர்.

"அப்படிச் சொல்லுவாங்க," என்று பெனெடிக்ட் ஒப்புக்கொண்டார். "ஆனா நீ ஜெயிச்சா மறந்துடுவாங்க."

"தோத்தா?"

பெனெடிக்ட் அதற்குத்தான் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ரோமெக் ரொட்டிக்கடைக்குப் புறப்பட்டார். என்ன கேட்கப்போகிறார் என்று தெருமுனைவரை அவருக்குத் தெரிந்திருந்தது. வேலியோர மண்ணில் பயமில்லாமல் போன அந்த ஓட்டம் அவர் நினைவில் இருந்தது. அப்படி ஓட்டுகிறவன் எதற்காக நிறுத்த வேண்டும்? தெருமுனையைக் கடந்ததும் அதே நினைவு வேறு விதமாகத் திரும்பியது. பயம் வர வேண்டிய இடத்தில் வரவில்லையே, அது திறமையா, அல்லது கையைப் போலப் பயமும் பிந்திப்போகத் தொடங்கிவிட்டதா?

கடையில் வரிசை நின்றது. எல்லாரும் அவருக்கு வழிவிட முயன்றார்கள். அவர் மறுத்து வரிசையிலேயே நின்றார். ரொட்டித் தட்டுகளுக்கு மேலே, ஆணியில், அவருடைய கையுறை தொங்கியது. அதில் ஒட்டியிருந்த மண்ணைப் பெலாஜியா துடைக்கவில்லை.

"என்ன வேணும், ரோமெக் சார்?" என்றார் பெலாஜியா.

"கறுப்பு ரொட்டி ஒண்ணு, பெலாஜியாம்மா."

"அப்புறம்?"

அவர் கண்கள் ஆணிக்குப் போயின. பெலாஜியா அவர் பார்வை போகும் இடத்தைப் பார்த்தார். மாவு படிந்த கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, கையுறையை ஆணியிலிருந்து எடுத்து, மேடையின் மேலே நீட்டினார்.

"வேணும்னா எடுத்துக்கோங்க. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். இவங்க சொல்லுவாங்க, அதுக்கு நான் பொறுப்பில்ல."

வரிசையில் நின்றவர்கள் ஜன்னலையும் கூரையையும் பார்த்தார்கள்.

"நன்றி," என்றார் ரோமெக்.

பெலாஜியா கையுறையை நீட்டியபடியே நின்றார். அவர் ரோமெக்கின் கையைத் தேடுகிறார் என்பது தெரிந்தது. இடக்கை மேல்கோட்டுப் பைக்குள் இருந்தது. ரோமெக் அது வெளியே வருவதற்குக் காத்திருந்தார். நாடாவின் முன்னால் நிற்கும்போது எப்படி அதை ஏவாமல் காத்திருப்பாரோ, அப்படியே காத்திருந்தார். அது வருமா என்று அவருக்குத் தெரியவில்லை. வந்தால் வாங்குமா, மறுக்குமா என்பதும் தெரியவில்லை.

அது வரவில்லை.

பெலாஜியா இன்னும் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். பிறகு திரும்பி, கையுறையை அதன் ஆணியிலேயே மாட்டினார். ரோமெக் 'இல்லை, கொடுங்கள்' என்று சொல்ல அப்போதும் நேரமிருந்தது. அவர் சொல்லவில்லை. அடைத்திருந்த மூச்சு வெளியேறிய சத்தம் அவருக்கே கேட்டது.

சூடு ஆறாத ரொட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு நடந்தார். டோரொத்தா சமையலறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கிட்டு வந்தியா?"

"எதக் கேக்குற?"

"ரொட்டியத்தான்."

"ரொட்டி வாங்கிட்டேன்."

டோரொத்தா துடைப்பதை நிறுத்திவிட்டு அவருடைய இரு கைகளையும் பார்த்தார். பிறகு பெனெடிக்டுக்குத் தொலைபேசியில் அவர் சொல்கிறாரா, தாம் சொல்லட்டுமா என்று கேட்டார். ரோமெக் ரொட்டியை மேசைமேல் வைத்தார்.

"நானே சொல்றேன்," என்றார். "ஆனா ஏன்னு அவன் கேட்டா என்ன சொல்றது?"

"மோட்டார்னு சொல்லு," என்று சொல்லிவிட்டு டோரொத்தா மறுபடியும் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.