எங்கட ஆளிடம் துண்டு கேட்கலாமோ?

விக்டோரியாவின் கேரம் டவுன்ஸ் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபடிதான் தம்பிக்குச் சட்டத்தரணி பிடித்தேன். பல் வைத்தியரிடம் போவதென்றால்கூட இணையத்தில் நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டுப் போகிறவள் நான். தம்பியின் வாழ்க்கையை ஒப்படைக்க மட்டும், சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு அன்ரியின் வாய்ச்சொல் போதுமாக இருந்தது.

தம்பிக்கு அகதி விசா மறுக்கப்பட்டுக் கடிதம் வந்திருந்தது. இருபத்தெட்டு நாளுக்குள் மீளாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் அவனைத் தேடி வீட்டுக்கு வந்தவர்கள் யார் என்று எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். அதை இங்கே எழுத மனமில்லை.

"எங்கட பெடியன் ஒருத்தன் இருக்கிறான், லோயர். தாய் என்னோட ஒண்டாப் படிச்சவ. வெள்ளைக்காரரிட்ட ஏன் போய் அலையிறியள்?" என்றார் அன்ரி.

ஒரு மரக்கறிக் கடையின் மேல்மாடியில் அவனுடைய அலுவலகம். சுவரில் கண்ணாடி போட்ட பட்டச் சான்றிதழ். எங்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டான், தேத்தண்ணி ஊற்றித் தந்தான், ஊரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தான். "அக்கா, இனி இது என்ர பிரச்சினை. நீங்கள் நிம்மதியா நித்திரை கொள்ளுங்கோ" என்றான். நானும் நித்திரை கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாம் வாரம் தம்பிதான் கேட்டான். "விண்ணப்பம் அனுப்பினதுக்கு அத்தாட்சியா ஒரு துண்டு வாங்குவமே அக்கா?"

"எங்கட ஆளிட்டப் போய்த் துண்டு கேக்கிறதோ? நம்பாத மாதிரியெல்லோ இருக்கும்!" என்று அவன் மேல் சீறி விழுந்தேன். எங்கள் சனத்துக்கே உள்ள வியாதி இது. வங்கிக்காரனிடம் எல்லாவற்றையும் எழுத்தில் தா என்று நின்று வாங்குவோம். அம்மாவின் ஊர் தெரிந்த ஒருவனிடம் ஒரு கடதாசி கேட்பதற்கு, ஏதோ அவனைக் கன்னத்தில் அறையப் போவதுபோலக் கூசுவோம். கேட்காமல் விட்டதைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

கெடு முடிந்து சில வாரங்களில் குடிவரவுத் திணைக்களத்திலிருந்து தம்பிக்கு மின்னஞ்சல் வந்தது. மீளாய்வு எதுவும் கேட்கப்படவில்லை, நாட்டைவிட்டுப் புறப்பட ஆயத்தம் செய்யவும். லோயரைப் போனில் அழைத்தேன். "சிஸ்டத்தில ஏதோ பிழை அக்கா, பாத்துச் சொல்லுறன்" என்றான். அதற்குப் பிறகு போனை எடுக்கவேயில்லை.

இலவச சட்ட உதவி நிலையம் ஒன்றுக்கு ஓடினோம். அங்கிருந்த பெண் சொலிசிட்டர் முதலில் அந்த லோயரின் முழுப்பெயரைக் கேட்டார். கேட்டுவிட்டுக் கொம்பியூட்டரில் தட்டினார். விக்டோரியாவில் தொழில் செய்ய அனுமதி உள்ள சட்டத்தரணிகளின் பட்டியல் அது. யாரும் பார்க்கலாம். அவன் பெயர் அதில் இல்லை. குடிவரவு முகவர்களின் பட்டியலிலும் இல்லை. பட்டம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் அவன் சட்டத்தரணியே அல்ல என்று விளங்கப்படுத்தினார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவனை நினைத்து மட்டுமல்ல. அரை நிமிட வேலை அது. ரோவிலில் உள்ள எங்கள் வீட்டில், சோபாவில் சாய்ந்துகொண்டு நானே பார்த்திருக்கலாம்.

தவறிய கெடுவை நீட்டிக்க மீளாய்வு மன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்றார் அவர். அமைச்சருக்கு ஒரு மனுப் போடலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். அவன்மேல் முறைப்பாடு கட்டாயம் செய்யுங்கள், அது தம்பிக்கு உதவாது, அடுத்தவருக்கு உதவும் என்றார்.

சட்டத்தரணிகளைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்கு அன்றே எழுதினேன். கோயில் முழுக்கக் கதை பரவிவிட்டது. "பெடியன்ர எதிர்காலத்தைக் கெடுக்காதேங்கோ" என்று எத்தனையோ பேர் அழைத்தார்கள். என் தம்பியும் ஒரு பெடியன்தான் என்பது அவர்களில் ஒருவருக்கும் நினைவில் வரவில்லை. தூ!

அவனிடம் போய் ஏமாந்த வேறு யாரையாவது தெரியுமா என்று அந்த அலுவலகம் கேட்டிருந்தது. அதை விசாரிக்கத்தான் அன்ரி வீட்டுக்குப் போனேன். தம்பி காரிலேயே இருந்துவிட்டான்.

அன்ரி வடைத் தட்டை என் பக்கம் தள்ளினார். "என்ன செய்யிறது பிள்ளை. எங்கட மருமகளின்ர பேப்பரையும் அவன் உப்பிடித்தான் போடாம விட்டவன். நல்ல காலம், நாள் இருக்கேக்க கண்டுபிடிச்சம்."

"தெரிஞ்சுகொண்டே எங்களை அனுப்பினீங்கள்?"

"அவன்ர தாய் பாவம். மகனிட்டக் கேஸோட ஆக்கள் வருகினம் இல்லையெண்டு அழுதவ. உங்களுக்கெண்டாலும் ஒழுங்காச் செய்வான் எண்டு நினைச்சன்."

இதை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். "ஐயோ, எங்களை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. கோயிலில அவவின்ர முகத்தில முழிக்க வேண்டாமே?" என்றார். வடையை எடுத்துச் சுவரில் எறிய வேண்டும் போலிருந்தது. எழும்பி வந்துவிட்டேன்.

தம்பி காரின் முன் இருக்கையில் அமைச்சருக்கான மனுவைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான். "அன்ரி என்ன சொன்னவ?" என்று கேட்டான்.

"அவவுக்கு ஒண்டும் தெரியாதாம்" என்றேன்.

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கும் ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.