ராப்யெர் மீலேயில் ஒரு வெள்ளிக்கிழமை

காலை ஐந்தரைக்கு நாங்கள் வசிக்கும் இக்காஸ்டிலிருந்து புறப்பட்டோம். வடக்கே இருநூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். அங்கே ராப்யெர் மீலே என்ற மணற்குன்று, காற்றோடு ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து மீற்றர் நகர்ந்துகொண்டிருக்கிறது. டென்மார்க்கின் பாலைவனம் என்பார்கள். வருடத்தில் பாதிநாள் மழைக்கோட்டுடன் திரியும் எனக்கு அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிப்புத்தான் வந்தது.

என் கணவர் சிவநேசன் முப்பது வருடமாகத் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போகிறவர். இந்தக் குளிர்காலத்தில் டொக்டர் அவரை இன்சுலின் ஊசிக்கு மாற்றியதும் மனிதர் சுருண்டு போனார். "இனி நான் வருத்தக்காரன்தானே" என்று சைக்கிளை விற்க வெளிக்கிட்டார். அவரைப் பழையபடி எழுப்பிவிடத்தான் இந்தப் பயணம். ஆனால் எனக்குள் பயம் இருந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் நான். ஊசி போட்டவருக்குச் சீனி சட்டென்று இறங்கினால் என்ன நடக்கும் என்று கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் குளுக்கோசு வில்லைகளை அவருடைய சைக்கிள் ஆசனத்தின் கீழ்ப் பையில் முதல்நாளே வைத்துவிட்டேன். வியாழன் அரச விடுமுறை என்பதால் ஆறுதலாக ஆட்டிறைச்சி ரோல்ஸும் சுட்டு வைத்திருந்தேன்.

9.10. வாடகைக் கடைக்காரர், காரின் பின்னால் நாங்கள் கட்டிவந்த சைக்கிள்களைப் பார்த்துச் சிரித்தார். இந்த மணலுக்கு அகல ரயர்தான் வேண்டுமாம். ஒன்றுக்கு முந்நூற்றைம்பது குரோனர். நான் உள்ளே காசு கட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் காருக்குள் இருந்தபடி ஊசியைப் போட்டுக்கொண்டார்.

"சாப்பிட்டியளே?"

"ஓம், ஓம். வாரும் போவம்."

9.40. குன்றின்மேல் சைக்கிள் விட அனுமதியில்லை. தடம் அதைச் சுற்றிப் புதர்வெளிக்குள்ளும் பைன் காட்டுக்குள்ளும் பதினாறு கிலோமீற்றர் போகிறது. சிவப்புக் குறி, அதாவது கடினமான தடம். மணல் முன்சில்லை விழுங்கப் பார்க்கும். உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, பிரேக்கைத் தொடாமல், மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மணலுக்கடியில் ஒளிந்திருக்கும் வேர்கள் வேறு. நான் மூன்று முறை விழுந்து மண் தின்றேன். அவரோ இருபது வயதுப் பொடியன் போல முன்னால் போய், மேட்டில் நின்று, "இஞ்ச பாருமப்பா!" என்று கத்தினார். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

11.05. ஒரு சரிவின் அடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். குளிர்காற்றிலும் நெற்றியெல்லாம் வியர்வை.

"கெதியா வாரும். எனக்கு வேலைக்கு நேரம் போச்சு" என்றார்.

சீனி இறங்கி அவருக்கு நினைவு தடுமாறிவிட்டது. ஆசனத்தின் கீழே கையை விட்டேன். பை இல்லை. அது அவருடைய சொந்தச் சைக்கிளில், ஏழு கிலோமீற்றருக்கு அப்பால், காரின் பின்னால் இருந்தது. என் முதுகுப்பையைக் கொட்டினேன். தண்ணீர், ரோல்ஸ் பெட்டி. பெட்டிக்குள் ஆறு ரோல்ஸும் வைத்தபடியே இருந்தன.

"ஏன் சாப்பிடேல்லை?"

"இண்டைக்கு வெள்ளியெல்லே."

விடுமுறை மயக்கத்தில் நான் கிழமையை மறந்துவிட்டேன். வெள்ளிக்கிழமையில் மச்சமாமிசம் தொடாதவர் அவர். ஊசியைப் போட்ட பிறகு பெட்டியைத் திறந்திருக்கிறார். இறைச்சி மணத்திருக்கிறது. விடிய எழும்பியவளின் மனம் நோகக்கூடாதென்று பேசாமல் மூடிவிட்டார். எனக்கு அவர்மேலும் என்மேலும் ஒரே கோபம்.

அப்போது பின்னால் ஒரு டேனிஷ் பெண்மணி சைக்கிளில் வந்தார். எழுபது வயதிருக்கும். விசயத்தைச் சொன்னதும் இறங்கி, சட்டைப்பையிலிருந்து ஜெலி இனிப்புப் பொதியொன்றை எடுத்து, "முழுவதையும் எடுங்கள்" என்றார்.

அது எதில் செய்தது என்று எனக்குத் தெரியும். பன்றித்தோல் ஜெலட்டின். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதுகூட, பொதியின் பின்பக்கத்தை வாசிக்காமல் ஓர் இனிப்பையும் வீட்டுக்குள் விடாத மனிதர் இவர். அதை மறைத்துப் பொதியைக் கிழித்தேன்.

"வாயைத் திறவுங்கோ."

பொதியைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். திறந்தார். ஒவ்வொன்றாக எட்டு ஊட்டினேன். அந்த அம்மா அவர் முதுகில் கையை வைத்தபடி மணலில் இருந்தார். பதினைந்து நிமிடம் போனது.

"என்னப்பா, ஏன் இதிலை இருக்கிறம்?" என்று அவர் கேட்டார். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த அம்மா தன் சீஸ் பாணில் பாதியைக் கொடுத்து, அவர் தின்று முடிக்கும்வரை காவல் இருந்துவிட்டுத்தான் போனார்.

12.30. மிச்சத் தடத்தை விட்டுவிட்டு, தார் வீதிக்குச் சைக்கிள்களை உருட்டினோம். கோப்பிக் கடையில் சீனி போட்ட கோப்பி முப்பத்தைந்து குரோனர். அவ்வளவு ருசியான கோப்பியை நான் குடித்ததில்லை. சைக்கிள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது, அந்த அகல ரயர் சைக்கிள் புதிதாக என்ன விலை என்று அவர் கடைக்காரரை விசாரித்தார்.

3.15. ஓல்போர்க்கைத் தாண்டிவிட்டோம். கார் நான்தான் ஓட்டினேன். இருபக்கமும் பச்சை வயல்கள். பாலைவனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இனிப்பு விசயத்தை மனதில் வைத்திருக்க முடியவில்லை.

"இஞ்சருங்கோ, அந்த இனிப்பிலை..."

"தெரியும். முப்பது வருசமா பின்பக்கம் வாசிக்கிறன், எனக்குத் தெரியாதே?"

"தெரிஞ்சோ சாப்பிட்டனீங்கள்?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேறையொண்டும் எனக்கு ஞாபகமில்லை. நீர் அழுதுகொண்டெல்லோ தந்தனீர்."

நான் அழுதது அதுவரை எனக்கே தெரியாது.