குடிநீர் அமைச்சர்

நடந்தவை, வரிசையாக:

1. அறுபதுகளின் கடைசியில், ஒன்பதாம் வகுப்பில், அரசியலமைப்புச் சட்டப் பாடத்திற்காக எங்கள் குடிமையியல் ஆசிரியர் மாணவர் அமைச்சரவைத் தேர்தல் வைத்தார்.
2. நான் குடிநீர் அமைச்சரானேன்.
3. வெள்ளித்தாள் ஒட்டிய அட்டை பேட்ஜை என் தாவணியில் குத்தினார்கள்.
4. மதிய மணி அடிப்பதற்குள் துப்புரவு அமைச்சரானேன்.

அந்த பேட்ஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'குடிநீர்' அடிக்கப்பட்டு, மேலே 'துப்புரவு' என்று எழுதியிருக்கும். புதிதாக ஓர் அட்டை வெட்டக்கூட ஆசிரியர் மெனக்கெடவில்லை.

அவருக்குச் சட்டம் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பிரிவுகளை எண்ணோடு ஒப்பிப்பார். முகவுரையைச் சொல்லும்போது கண்களை மூடிக்கொள்வார். அதனால்தான் வகுப்பின் மூலையில் இருந்த மண்பானை அவர் கண்ணில் படவில்லை என்று கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். அது அவருக்கு நான் கொடுத்த அதிகப்படியான மரியாதை. அந்தப் பானையில் மற்றவர்கள் தாங்களே மொண்டு குடிப்பார்கள். காலனியிலிருந்து வந்த நாங்கள் சன்னலுக்கு வெளியே கையைக் குவித்து நிற்க வேண்டும். குடிநீர் அமைச்சர் உள்ளேயிருந்து ஊற்றுவார்.

முந்தைய அமைச்சன் பானைக்குள் கையை முழங்கை வரை விட்டுத் துழாவுகிறவன். நான் தினமும் பானையைக் கழுவுவதாகச் சொன்னேன். "கைய உள்ள விடமாட்டியே?" என்று ஒருவன் கேட்டான். "செம்பு எதுக்குடா இருக்கு?" என்றேன். சாக்பீஸ் பெட்டியில் விழுந்த சீட்டுகளில் என் பெயரே அதிகம். பிள்ளைகள் பானையை நினைத்து ஓட்டுப் போட்டிருந்தார்கள்.

பதவியேற்றதும் பானையைக் கழுவி நிரப்பினேன். பிறகு ஒரு செம்பு மொண்டு, நானே குடித்தேன். சன்னலுக்கு வெளியே குடித்த அதே தண்ணீர்தான். ஆனால் முழங்கை வரை வழியவில்லை.

அதை யாரோ பார்த்துவிட்டார்கள். சற்று நேரத்தில் ஊர் மணியக்காரர் வராந்தாவுக்கு வந்து ஆசிரியரிடம் ஏதோ பேசிவிட்டுப் போனார். உள்ளே வந்த ஆசிரியர், எங்கள் பிரதமரான மணியக்காரர் மகனை எழுப்பினார்.

"மந்திரி சபைய மாத்தி அமைக்கிறது யார் உரிமை?"

"பிரதமர் உரிமை சார்."

"அப்ப மாத்து."

"யார சார்?"

வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சாக்பீஸால் என்னைக் காட்டினார்.

"எனக்குத்தானே சார் ஓட்டு விழுந்துச்சு?" என்றேன்.

"துப்புரவும் மந்திரி பதவிதாம்மா. சமத்துவம்னா எல்லா வேலையும் சமம்."

மணியக்காரர் கேட்டதைச் செய்ய அவருக்கு முதுகெலும்பு தேவைப்படவில்லை. அதை மறைக்கத்தான் சட்டம் தேவைப்பட்டது.

வீட்டில் அம்மா பேட்ஜைப் பார்த்துவிட்டு, "மந்திரியாயி தொடப்பம் தூக்கப் போறியா? தொட்டுப்பாரு, கைய ஒடிச்சிருவேன்" என்றாள். மறுநாள் நான் துடைப்பத்தைத் தொடவில்லை. கடமை தவறினால் பதவி போய்விடும் என்றார் ஆசிரியர். "போவட்டும் சார்" என்றேன். மறுபடியும் சன்னலுக்கு வெளியே நின்று கையைக் குவிக்கவும் இல்லை. பள்ளி முடியும் வரை வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன்.

அரையாண்டுத் தேர்வில், 'தீண்டாமை ஒழிப்பை உதாரணத்துடன் விளக்குக' என்றொரு கேள்வி. சட்டம் சொல்வதை எழுதி, அதன் கீழே மேற்சொன்ன நான்கு வரிகளையும் எழுதினேன். சட்டத்துக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார். நான்கு வரிகளையும் அடித்து, பக்கத்தில் சிவப்பு மையால், 'இந்த உதாரணம் பாடத்தில் இல்லை' என்று எழுதியிருந்தார்.

பிறகு டிப்ளமோ படித்து, பத்தாண்டு கழித்து இப்போது மூக்கண்டப்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். அளவில் நிற்காத பாகத்தைக் கழித்துக் கட்டுவது என் வேலை. அதைக் கடைந்து செய்தவர் எவ்வளவு அழகாகப் பேசுவார் என்று நான் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கில் எங்கள் ஆசிரியரை எப்போதோ கழித்துவிட்டேன்.

அவர் இப்போது தலைமையாசிரியர். "நம்ம ஸ்டூடன்ட்" என்று சொல்லிக்கொள்ள, இந்தக் குடியரசு நாளுக்கு என்னை மேடைக்கு அழைத்தார். போனேன். கண்களை மூடியபடி முகவுரையைச் சொன்னார். மேடையில் மற்றவர்களுக்குப் பானைத் தண்ணீர் செம்பில் வந்தது. எனக்கு மட்டும் கடையிலிருந்து சோடா வந்தது.

பானை அதே மூலையில் இருக்கிறது. குடிநீர் அமைச்சர், மணியக்காரரின் தம்பி மகன். துப்புரவு அமைச்சர், எங்கள் காலனிப் பெண். அவளுடைய பேட்ஜை அருகில் சென்று பார்த்தேன். அதில் அடித்தல் எதுவும் இல்லை.