கறுத்துப்போன மஞ்சள் நூல்

பத்தாவது வரை மட்டும் படித்தவள், ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். மன்னிக்க வேண்டும்.

தாராவியில் ஆர்டரின் பேரில் தூண்டில் கம்பு செய்யும் பட்டறை ஒன்றில் எனக்கு வேலை. அங்கே அண்ணாச்சி ஒருவர் கம்பின்மேல் வண்ண நூலை மீன் செதில் மாதிரி சுற்றுவார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை. சுற்றி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்ப்பார். அதன்மேல் பசை பூசுவது என் வேலை. பசைக்கு முன்னால் நிறம் காக்கும் பூச்சை அடிக்காவிட்டால் நூல் கறுத்துவிடும்.

ஒரு நாள் மறந்துவிட்டேன். மூன்று நாள் சுற்றிய மஞ்சள் செதிலெல்லாம் சேற்று நிறமாகிவிட்டது.

"கஸ்டமர் வாசல்ல நிக்கான். என்ன கண்றாவிவே இது?" என்று முதலாளி அண்ணாச்சியிடம் கத்தினார்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "தாயி, மொதப் பூச்சு அடிச்சியா?"

"அடிச்சேன் அண்ணாச்சி."

கறுத்த செதிலைக் கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு முதலாளியிடம், "அடிச்சேன்னு சொல்லுதால்லா. அப்போ நான் வாங்குன நூலுதான் மோசம்" என்றார்.

அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? என்மேல் இரக்கமா, அருவருப்பா, இன்னும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்து நான் நூல் சுற்றினேன்.