மூடி திறக்கக் கூடாத மூன்று நாட்கள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் கட்டில் விரிப்பை ஒரு ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, ஒரு உதறு உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பிறகு பின்னால் போக வேண்டும். மறுபடி வர வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. பதினோரு வருஷமாக எனக்கு எதிர்முனை பிடித்தவள்தான் கோழியம்மா. அது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. முதல் முறை வீட்டில் குஞ்சு பொரித்த மறுநாள் கொண்டையில் ஒரு சின்ன இறகோடு வேலைக்கு வந்தாள். அன்றைக்கு நான் வைத்த பெயர்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். மேற்பார்வையாளர் என்னைத் தூரத்தில் கண்டாலே வேறு வழியாகச் சுற்றிப் போவார். கோழியம்மா எனக்கு நேர் எதிர். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒன்று பேசுவாள். கேட்டால், “பேசவும் தெம்பு வேணும்க்கா” என்பாள்.

தெம்பு எங்கிருந்து வரும்? எட்டு மணி நேரமும் நிற்கிற வேலை. கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி உண்டு. அதில் மேற்பார்வையாளர் உட்காருவார். அவர் இல்லாத நேரத்தில் அவருடைய சட்டை உட்காரும். கோழியம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வீங்கிப் போயிருந்தன. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் மறுநாள் காலைவரை காலில் இருக்கும். மருத்துவரிடம் போனாள். நிற்கிற வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் உட்கார்ந்துகொண்டே சொல்லி அனுப்பினார்.

விடுவதற்கு ஒரு வழி இருந்தது. அவள் வீட்டுச் சமையலறை மூலையில் ஒரு தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஒரு பல்பு, ஒரு வெப்பமானி, ஒரு கிண்ணம் தண்ணீர், பன்னிரண்டு முட்டை. கோழி அடைகாப்பதற்குப் பதில் பல்பு அடைகாத்தது. முப்பத்தேழரை டிகிரிக்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தினம் மூன்று வேளை முட்டையைத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருப்பது ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். மதியம் எல்லோரும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது இவள் பின்வாசல் வழியாக வீட்டுக்கு ஓடுவாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. முட்டையைத் திருப்பிவிட்டு, நின்றபடியே ஏதோ இரண்டு வாய் போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். இரண்டு தடவை வைத்தாள். முதல் தடவை பத்து குஞ்சு, அடுத்த தடவை பதினொன்று. குஞ்சு பொரிப்பவர்களுக்கு இது சாதாரண எண்ணிக்கை இல்லை.

கோழித் தீவனக் கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டு வீடு தேடி வந்தார். முட்டை நான் தருகிறேன், நாற்பது வைத்துப் பாருங்கள், முப்பது குஞ்சாவது வந்தால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குஞ்சையும் நானே எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் பெரிய பண்ணையில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். அன்றைக்கு அவள் என்னிடம் பேசியதுதான் பதினோரு வருஷத்தில் அவள் பேசிய நீளமான பேச்சு.

“முப்பது வந்துட்டா இந்த வேலைய விட்டுடுவேன்க்கா. ஒரு முக்காலி வாங்கிப் பெட்டி பக்கத்துல போட்டு உட்கார்ந்துடுவேன். சும்மா உட்காரணும்க்கா. எனக்கு வேற ஆசையே இல்ல.”

எதிர்முனைக்கு வேறு யார் வருவார்கள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இதை மறைத்து நல்லவள் வேஷம் போட எனக்கு இஷ்டமில்லை.

அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிடங்கு ஒன்றில் காவலாளி. முன்பு பகல் முறை. நாற்பது முட்டை வைத்த வாரத்தில் அவரை இரவு முறைக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் அவர் வீட்டுக்குள் நுழையும்போது இவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். சாயங்காலம் இவள் வந்தால் அவர் கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாசற்படியில்தான் பார்த்துக்கொண்டார்கள். நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. நாற்பது முட்டைக்கான பெரிய பெட்டியை அவர்தான் செய்தார். மூடியில் உள்ளங்கை அளவு கண்ணாடி பதித்துக் கொடுத்தார். மதிய வேளை முட்டையைத் திருப்புவதையும் அவரே ஏற்றுக்கொண்டார். பெண்டாட்டி உட்கார வேண்டும் என்ற ஆசை அவருக்கும் இருந்தது.

பதினெட்டாம் நாளோடு முட்டையைத் திருப்பும் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு மூன்று நாள் பெட்டியைத் தொடவே கூடாது. உள்ளே சூடும் ஈரமும் கலந்து புழுங்க வேண்டும், கண்ணாடி ஆவி படிந்து வெள்ளையாக வேண்டும். அந்த ஈரத்தில்தான் ஓட்டுக்குள் இருக்கும் ஜவ்வு இளகி, குஞ்சு கிழித்துக்கொண்டு வெளியே வரும். திறந்தால் ஈரம் போய்விடும். இதெல்லாம் கோழியம்மாவுக்கு மனப்பாடம். பதினெட்டாம் நாள், புதன்கிழமை காலை, வாசற்படியில் அவரிடம், “இனிமே திருப்ப வேண்டாம், நீங்க பார்த்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு வந்தாள். திறக்கக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. சொல்லியாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு தடவையும் அந்த மூன்று நாட்களில் பகலில் வீட்டில் யாரும் இல்லை, அதனால் யாரிடமும் சொல்ல வேண்டி வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் கண்ணாடி பளிச்சென்று இருப்பதைப் பார்த்தாளாம். உள்ளே முட்டைகளெல்லாம் தெளிவாகத் தெரிந்தன. தெரிகிறதே என்று நினைத்தாள், தெரியக் கூடாதே என்று நினைக்கவில்லை. கால் வலியில் போய்ப் படுத்துவிட்டாள். அதற்காக இன்னும் தன்னைத் திட்டிக்கொள்கிறாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு குஞ்சு வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை காத்திருந்தாள். எட்டாவது வரவில்லை. பிறகு ஒவ்வொரு முட்டையாக உடைத்துப் பார்த்தாள். முழுசாக வளர்ந்த குஞ்சுகள். பாதிக்கு மேல் ஓட்டில் கீறல் விழுந்திருந்தது; மூக்கு நுனி வெளியே தெரிந்தது. உள்ளே ஜவ்வு காய்ந்த காகிதமாகி இறகோடு ஒட்டிக் கிடந்தது. அசைய முடியாமல் அப்படியே செத்துப் போயிருந்தன. முப்பத்து மூன்று.

பல்பா, மின்சாரமா, முட்டையே கோளாறா என்று மண்டையை உடைத்துக்கொண்டவள், பெட்டிக்குப் பின்னால் இருந்த நோட்டைப் பார்த்தாள். கிடங்கில் காவலாளிகளுக்கு ஒரு வழக்கம்: மணிக்கு ஒருமுறை சுற்றி வந்து, ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்து, நேரம் போட்டு எழுத வேண்டும். மனிதர் அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும், காலை ஏழிலிருந்து மாலை நான்குவரை, ஒரு மணிகூட விடவில்லை.

‘ஏழு மணி. மூடி திறந்து பார்த்தேன். எல்லாம் சரி. எட்டு மணி. கண்ணாடியில் ஆவி. திறந்து துடைத்தேன். ஒன்பது மணி. மறுபடி ஆவி. துடைத்தேன். பத்து மணி. ஒரு முட்டையில் சத்தம்.’ இப்படி மூன்று பக்கம். கையெழுத்து போகப் போகக் கோணலாகி, கடைசிப் பக்கத்தில் சில வரிகள் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தன.

கோழியம்மா கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குப் பட்டாளாம். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உடைந்த ஓடுகளைப் பார்த்தபடி, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்துப் பேசினாள். முழங்காலைப் பற்றி, முக்காலியைப் பற்றி, அந்தக் காய்ந்த ஜவ்வைப் பற்றி. பேசி முடித்துத் திரும்பினால் அவர் சுவரில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். எதுவரை கேட்டார், எங்கே தூங்கினார், தெரியாது.

“எழுப்பி மறுபடி சொல்ல வேண்டியதுதானே?” என்று நான் விரிப்பை ஒரு இழு இழுத்தேன்.

“எழுப்ப மனசு வரலக்கா. எந்திரிச்சதும் அந்த ஏழு குஞ்சையும் பார்த்துட்டு, நான் முழிச்சிருந்ததாலதான் இதுங்களாவது மிஞ்சுச்சுன்னார். ஆமான்னுட்டேன்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த விரிப்பை மூன்று தடவை மடித்தும் முனை சேரவில்லை. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, பெரிய பெட்டிக்கு இது முதல் தடவைதானே, இன்னொரு நாற்பது தருகிறேன், இதிலும் போனால் பண்ணைதான் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். முட்டை அடுத்த சனிக்கிழமையே பெட்டிக்குள் போய்விட்டது. மனிதரோ அடுத்த தடவை அரை மணிக்கு ஒருமுறை பார்க்கிறேன், நீ கவலையே படாதே என்கிறாராம். சொல்லாவிட்டால் இதுவும் மண்ணாகும். சொல் என்று தினமும் சொன்னேன். “சொல்றேன்க்கா. அவர் ஒரு நாள் நல்லாத் தூங்கி எந்திரிக்கட்டும்” என்றே இரண்டு வாரம் ஓட்டினாள்.

இது சரிப்படாது, நானே போட்டு உடைத்துவிடுகிறேன் என்று எனக்கு மட்டும் விடுமுறையான ஒரு நாளில் கிளம்பிப் போனேன். வழியெல்லாம் வசனம் தயார். அவர்தான் கதவைத் திறந்தார். கண் இரண்டும் சிவந்து, முகம் இறங்கிப் போயிருந்தது. வாங்கக்கா என்று கூட்டிப்போய்ப் பெட்டியைக் காட்டினார், நோட்டைக் காட்டினார், கூண்டிலிருந்த ஏழு குஞ்சையும் காட்டினார். ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். “இவளுக்கு நான் ஒண்ணும் செஞ்சதில்லக்கா. இதையாவது சரியா செய்யணும்” என்றார். கையில் குஞ்சு ஒரு சூடான பஞ்சுப் பொட்டலமாகத் துடித்துக்கொண்டிருந்தது. மேற்பார்வையாளரையே ஓட வைக்கிற என் வாய் அன்றைக்கு, “நல்லாப் பண்றீங்க தம்பி” என்று சொல்லிவிட்டு வீடு திரும்பியது. வழி முழுக்க என் மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

“சொன்னியாக்கா?” என்று மறுநாள் கேட்டாள். நான் அடுத்த விரிப்பின் முனையைப் பிடித்தேன்.

அடுத்த புதன்கிழமை பதினெட்டாம் நாள். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. வியாழக்கிழமை காலை கேட்டேன். சொல்லிவிட்டாளாம். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. “நேத்து நான் வீட்டுக்குப் போறப்பவும் தூங்கிட்டிருந்தார்க்கா. மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட கை வெச்சுப் பார்த்தேன்” என்று மட்டும் சொன்னாள். கண்ணாடி வெள்ளையாக இருக்கிறதா என்றேன். ஒன்றும் தெரியாத அளவுக்கு வெள்ளை என்றாள்.

திங்கட்கிழமை வந்தபோது மேற்பார்வையாளரிடம் போய், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் விரிப்பு மடிக்க வந்தாள். முப்பத்து நான்கு குஞ்சு. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இனி யாரோ ஒரு புதுப் பெண் வந்து முனையைப் பிடிப்பாள், நான் அவளுக்கு உதறக் கற்றுத்தர வேண்டும், என் முழங்காலும் ஒன்றும் புதிதில்லை.

“எப்படித்தான் சொன்ன?” என்று கேட்டேன். நான் போய் வாய் பேசாமல் வந்த இடம் அது. எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் வேலைக்குக் கிளம்பச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாராம். இவள் எதிரே போய் நின்று, நாளையிலிருந்து மூன்று நாள் பெட்டியைத் திறக்கவே கூடாது, பார்க்கவும் வேண்டாம், கண்ணாடியைத் துடைக்கவும் வேண்டாம், போன தடவை திறந்து திறந்து பார்த்ததில்தான் எல்லாம் காய்ந்து செத்தன என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அவர் கை பொத்தானிலேயே நின்றுவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். கத்துவாரோ அழுவாரோ என்று இவள் பயந்துகொண்டு நின்றிருக்கிறாள்.

“அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, ‘அப்படின்னா நான் தூங்கலாமா?’ன்னு கேட்டார்.”